ஹேசல் (1961–66): எந்த சீசனில் தொடங்குவது? கதையை எப்படிக் கட்டியிருக்கிறார்கள்?

மேடைவாசல்

வணக்கம். வீட்டோடு தங்கி வேலை பார்க்கும் ஒரு அம்மாவை நடுவில் வைத்து அரை மணி நேர நகைச்சுவை நாடகம் எழுதுகிறவர்கள் 'ஹேசல்' என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். மொத்தம் 154 எபிசோட், அத்தனையையும் உட்கார்ந்து பார்ப்பது நடக்காத காரியம். எனக்கு மூன்று கேள்விகள். எந்த சீசனில் தொடங்கலாம்? ஒரு எபிசோடின் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? ஐந்தாவது சீசனில் குடும்பத்தையே மாற்றிவிட்டார்கள் என்கிறார்களே, அது ஏன் எடுபடவில்லை? "அருமையான தொடர்" என்று பொதுவாகச் சொல்லாமல், கூறுபோட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வால்வுரேடியோ

அடிப்படை விவரங்களிலிருந்து தொடங்குகிறேன். டெட் கீ என்ற கேலிச்சித்திரக்காரர் 1943-லிருந்து 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' வார இதழில் ஹேசல் என்ற வேலைக்காரம்மாவை வரைந்துவந்தார். ஒரே கட்டம், கீழே ஒரே வரி. முன்கதை, பின்கதை எதுவும் கிடையாது. அதை ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. 1961 செப்டம்பர் 28 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பு தொடங்கியது. வியாழக்கிழமை இரவு 9.30, ஸ்பான்சர் ஃபோர்டு கார் கம்பெனி. அதனால்தான் கதையில் வருகிற கார்கள் எல்லாம் ஃபோர்டு.

எபிசோட் கணக்கு: முதல் சீசன் 35, இரண்டாவது 32, மூன்றாவது 32, நான்காவது 26, ஐந்தாவது 29. முதல் நான்கு என்.பி.சி., ஐந்தாவது மட்டும் சி.பி.எஸ். முதல் சீசன் முடிவில் பார்வையாளர் எண்ணிக்கையில் அமெரிக்க அளவில் நான்காவது இடம். அடுத்த ஆண்டுகளில் முதல் பத்துக்கு வெளியே போய்விட்டது.

குடும்பம் நான்கு பேர். ஜார்ஜ் பேக்ஸ்டர் கம்பெனி வக்கீல் (டான் டிஃபோர்). டாரதி வீட்டு உள்ளலங்காரம் செய்து சம்பாதிப்பவர் (விட்னி பிளேக்). பையன் ஹாரல்ட் (பாபி பன்ட்ராக்). பிறகு நாய் ஸ்மைலி; அதுவும் ஆள் கணக்கில்தான் சேர்த்தி. ஹேசல் பர்க் ஆக ஷெர்லி பூத். முதல் வெள்ளோட்ட எபிசோடில் ஜார்ஜாக நடித்தவர் எட்வர்ட் ஆண்ட்ரூஸ். தொடர் தொடங்குமுன் அவருக்குப் பதில் டிஃபோரைப் போட்டார்கள். இந்த ஒரு மாற்றம்தான் தொடரைத் தூக்கி நிறுத்தியது என்பது என் கணிப்பு. விட்டுக்கொடுக்கிறவராகவும் தெரிய வேண்டும், தலை குனிந்தவராகவும் தெரியக் கூடாது. டிஃபோர் முகத்தில் அது இருந்தது.

அத்தியாயம்154

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு கட்டக் கேலிச்சித்திரத்தில் ஹேசல் ஜெயித்தால் போதும். 25 நிமிடக் கதையில் அவர் ஜெயிப்பது மட்டும் போதாது, அவருக்கு எதிரில் நிற்கத் தகுதியான ஆள் வேண்டும். எழுத்தாளர்கள் ஜார்ஜை அப்படி வளர்த்தார்கள். வாதாடியே பிழைக்கிறவர் தன் வீட்டுச் சமையலறையில் வாதாடித் தோற்கிறார். இதுதான் அச்சாணி.

ஏறக்குறைய எல்லா நல்ல எபிசோடும் இந்த வரிசையில் போகும்:

முதல் மூன்று நிமிடத்துக்குள் ஹேசலுக்கு ஒரு காரியம் கிடைக்கும். பெரும்பாலும் அது அவருக்கானது அல்ல. பையனுக்கு, தெருவுக்கு, சக வேலைக்காரம்மா ரோஸிக்கு. முதல் எபிசோடிலேயே பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்றுதான் கிளம்புவார்.

அடுத்து, அந்தக் காரியம் ஜார்ஜின் தொழிலில் போய் முட்டும். "இதில் தலையிடாதே" என்று திட்டவட்டமாகச் சொல்வார். இந்தத் தடை உத்தரவு தெளிவான வார்த்தையில் வந்தாக வேண்டும். மழுப்பலாக வந்தால் பின்னால் வரும் மீறலுக்கு வலு இருக்காது.

நடுவில் விளம்பர இடைவேளை. அதற்கு முந்தைய காட்சியில் பணயம் இரட்டிப்பாகும். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார், இல்லாவிட்டால் ஹேசலே வேலையை விட்டுப் போகும் பேச்சு எழும்.

பின்பாதியில் ஹேசல் ஜெயிப்பது தந்திரத்தால் என்று தோன்றும். கவனித்துப் பார்த்தால் தகவலால். தபால்காரர், பக்கத்து வீட்டு வேலைக்காரம்மாக்கள், 'சன்ஷைன் கேர்ள்ஸ்' என்று அவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் – இந்த வலையில் வராத செய்தி கிடையாது. ஜார்ஜின் அலுவலகத்துக்கு எட்டாத விஷயம் பின்வாசல் வழியாக வந்து சேரும்.

கடைசி ஒரு நிமிடம் சாப்பாட்டு மேசையிலோ சமையலறையிலோ முடியும். தோற்ற ஜார்ஜுக்கு ஏதாவது கிடைக்கும். பெரும்பாலும் ஒரு துண்டு கேக்.

பெட்டிக்கடை

அந்தக் கேக் விஷயத்தைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது. தொடர் முழுக்க ஜார்ஜின் எடையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு ஹேசலிடம் இருக்கிறது. பிரவுனி செய்வதும் அவர்தான், எட்டாமல் ஒளித்துவைப்பதும் அவர்தான். சம்பளம் கொடுக்கிற கை ஜார்ஜுடையது, தட்டில் என்ன விழும் என்று முடிவு செய்கிற கை ஹேசலுடையது. இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு பிடி. இது இல்லாவிட்டால் எஜமான்–வேலைக்காரி சண்டையில் யார் ஜெயிப்பார் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது: வேலைக்கார பாத்திரத்துக்கு வாய் மட்டும் கொடுத்தால் அது வம்பு பேசுகிற பாத்திரமாகிவிடும். மற்றவர்களுக்குத் தேவையான ஒரு பொருள் அவர் கையில் இருக்க வேண்டும். ஹேசலிடம் சமையல் இருக்கிறது, தகவல் இருக்கிறது, பையனின் நம்பிக்கை இருக்கிறது.

மேடைவாசல்

மிகவும் பயனுள்ள பதில்கள். ஒரு துணைக் கேள்வி. எப்போதுமே ஹேசல் ஜெயித்தால் அலுத்துப்போகாதா?

அத்தியாயம்154

அலுக்கும். இரண்டாவது சீசனுக்குப் பிறகு அந்தக் களைப்பு தெரிகிறது. அதைச் சமாளிக்க இரண்டு வழி வைத்திருந்தார்கள்.

ஒன்று, ஹேசலின் நல்ல எண்ணமே சேதத்தை உண்டாக்குகிற கதைகள். கேட்காமலே உதவப் போவார், காரியம் கெடும், பின்பாதி முழுக்க அதைச் சரிக்கட்டுவதில் போகும். எனக்கு இவைதான் தொடரின் உச்சம்.

இன்னொன்று, வெளியாட்கள். ஹார்வி கிரிஃபின் என்ற பெரும்பணக்கார வாடிக்கையாளர் (ஹோவர்ட் ஸ்மித்) வந்தால் ஜார்ஜ் தன் வீட்டிலேயே சிறிய ஆளாகிவிடுவார். அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்தவுடன் ஹேசலும் ஜார்ஜும் சில நேரம் ஒரே பக்கம் நிற்க வேண்டிவரும். அடுத்தது ஜார்ஜின் சகோதரி டீர்ட்ரி (கேத்தி லூயிஸ்). கௌரவம் பார்க்கிறவர். வேலைக்காரி வேலைக்காரியாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை தடித்து விழுந்தால் போதும், அதுவரை ஹேசலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஜார்ஜ் சட்டென்று ஹேசல் பக்கம் சாய்வார். வீட்டுக்குள் நடப்பது செல்லச் சண்டை என்பதை வசனமில்லாமல் காட்டுகிற உத்தி இது. டீர்ட்ரி வரும் எபிசோட்களை விடாமல் பாருங்கள்.

பக்கத்து வீட்டு ஜான்சன் தம்பதி இன்னொரு வகை. பணம் உண்டு, அன்றாடக் காரியம் ஒன்றும் தெரியாது. கதை தொய்கிற இடத்தில் கொண்டுவருவார்கள்.

வால்வுரேடியோ

ஷெர்லி பூத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தொடர் தொடங்கியபோது அவருக்கு 63 வயது. 1925-ல் பிராட்வேயில் முதல் நாடகம், அதில் உடன் நடித்தவர் ஹம்ஃப்ரி போகார்ட். 'கம் பேக், லிட்டில் ஷீபா'வுக்காக மேடையில் டோனி விருது, அதே பாத்திரத்தைப் படத்தில் செய்து ஆஸ்கர். அப்படிப்பட்டவர் வாராந்திர காமெடிக்கு வந்தார். ஹேசலுக்காக 1962, 1963 இரண்டு ஆண்டும் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார்.

அவருடைய குரலைக் கவனியுங்கள். 1940-களில் 'டஃபீஸ் டாவர்ன்' என்ற வானொலி நகைச்சுவையில் மிஸ் டஃபியாக நடித்தவர். மூக்கால் லேசாக இழுத்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் எடையை இறக்குகிற பழக்கம் அந்த வானொலிக் காலத்தை நினைவூட்டும். முகம் தெரியாத ஊடகத்தில் சிரிக்கவைக்க வேண்டுமானால் நிறுத்தம் துல்லியமாக இருக்க வேண்டும். ஹேசலில் நேரடிப் பார்வையாளர் கிடையாது. ஒற்றைக் கேமரா, பிலிம், பிறகு பதிவுச் சிரிப்பு சேர்ப்பார்கள். எதிரில் ஆளில்லாமல் நடிக்கும்போது சிரிப்புக்கு எவ்வளவு இடம் விடுவது என்பது பழகாத நடிகருக்குப் பெரிய தொல்லை. அதிகம் விட்டால் காட்சி தொங்கும், குறைத்தால் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கும். பூத் அந்த இடைவெளியில் கையை வேலையில் வைத்திருப்பார்: தட்டைத் துடைப்பார், நாற்காலியை உள்ளே தள்ளுவார், ஏப்ரனின் முடிச்சை இழுத்துக் கட்டுவார். பதிவுச் சிரிப்பு நீளமாகப் போட்டாலும் குறைவாகப் போட்டாலும் காட்சி தாக்குப்பிடிக்கும். ஒரு சமையலறைக் காட்சியை ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள், தெரியும்.

குறிஞ்சித்தேன்

எல்லாரும் கட்டமைப்பைச் சொல்கிறீர்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எழுதப் போகிறவர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹேசலின் கையில் இத்தனை பலம் இருப்பதாகத் தொடர் காட்டிய அதே ஆண்டுகளில் அமெரிக்கச் சட்டத்தில் அவருடைய நிலை என்ன?

1938-ல் வந்த கூலிச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களைச் சேர்க்கவில்லை. 1961-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.15 டாலர், 1963-ல் 1.25 டாலர் என்று ஏறியது. அந்தச் சட்டத்தில் ஹேசல் போன்றவர்களுக்கு இடமில்லை. 1974 திருத்தத்தில்தான் வீட்டு வேலையாட்கள் உள்ளே வந்தார்கள். அப்போதும், வேலை செய்யும் வீட்டிலேயே தங்குபவர்களுக்குக் கூடுதல் நேரக் கூலி கிடையாது என்ற விலக்கு இருந்தது. முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் முறையாக வேலை பார்ப்பவர்களைச் சேர்த்ததே 1950 திருத்தத்தில்.

யார் இந்த வேலையைச் செய்தார்கள் என்பதும் முக்கியம். 1960-ல் அமெரிக்காவில் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பிறர் வீட்டு வேலைதான் பார்த்தார்கள். தொலைக்காட்சியில் புகழ்பெற்ற வேலைக்காரம்மா வெள்ளைக்காரர்.

வால்வுரேடியோ

குறிஞ்சித்தேன் அக்கா சொன்னதோடு 'பியூலா' தொடரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஹேசலுக்குப் பத்தாண்டு முன்பே, 1950-ல் ஏ.பி.சி.யில் வந்தது. கறுப்பின வேலைக்காரம்மாதான் நடுநாயகம். முதலில் ஈதல் வாட்டர்ஸ் நடித்தார். பிறகு ஹாட்டி மெக்டேனியல் ஆறு எபிசோட் எடுத்து முடித்த நிலையில் உடல்நலம் கெட்டு விலகினார், லூயிஸ் பீவர்ஸ் வந்தார். இந்தப் பாத்திரத்தின் தொடக்கம் வானொலியில். அங்கே பியூலாவுக்கு முதலில் குரல் கொடுத்தவர் மார்லின் ஹர்ட் என்ற வெள்ளைக்கார ஆண். ஒரு கறுப்பினப் பெண் அந்தக் குரலைக் கொடுக்க 1947-ல் மெக்டேனியல் வரும்வரை ஆயிற்று. 1951-ல் கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. இந்தத் தொடரையும் எதிர்த்தது.

பியூலாவிலும் வேலைக்காரம்மாதான் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பார். ஆனால் எஜமானரின் சொல்லை எதிர்த்து நின்று அவரை மாற்றுகிற உரிமையை எழுத்தாளர்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. ஹேசலுக்குக் கொடுத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த வேறுபாடு உறைக்கும்.

குறிஞ்சித்தேன்

ஆமாம். அந்த எதிர்ப்பு ஹேசலின் கேமராவுக்குப் பின்னாலும் வந்தது. 1963-ல் ஹாலிவுட் படப்பிடிப்புக் குழுக்களில் கறுப்பினத் தொழில்நுட்பக் கலைஞர்களைச் சேர்க்கச் சொல்லி என்.ஏ.ஏ.சி.பி. அழுத்தம் கொடுத்தபோது, பெயர் சொல்லிக் கேட்ட தொடர்களில் ஹேசலும் ஒன்று.

நான் தொடரைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. புதிதாக எழுதும்போது ஹேசலின் தைரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் அறை எங்கே, ஓய்வு நாள் எது, உடம்பு முடியாவிட்டால் யார் பார்ப்பது என்பதை எழுதாமல் விட்டால் பாத்திரம் பாதிதான் வரும். ரோஸியோடு பேசும் காட்சிகளில் இந்தத் தொடரே அதை ஓரளவு தொடுகிறது. வேலைக்காரம்மாக்கள் தங்களுக்குள் பேசும்போது வீட்டுக்காரர்களைப் பற்றிய கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நாடகத்துக்கு அங்கேதான் சரக்கு இருக்கிறது.

மேடைவாசல்

இதை நான் யோசிக்கவே இல்லை. குறித்துக்கொண்டேன். ஐந்தாவது சீசன் பற்றி?

அத்தியாயம்154

நான்காவது சீசனோடு என்.பி.சி. நிறுத்தியது. சி.பி.எஸ். எடுத்துக்கொண்டு திங்கட்கிழமைக்கு மாற்றியது. இளம் பார்வையாளர்களைப் பிடிக்க வேண்டும் என்று ஜார்ஜும் டாரதியும் போனார்கள். வேலை நிமித்தம் மத்தியக் கிழக்குக்குப் போய்விட்டதாகக் கதை. ஹாரல்டும் ஹேசலும் ஜார்ஜின் தம்பி ஸ்டீவ் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஸ்டீவ் (ரே ஃபுல்மர்) வீடு, மனை விற்பவர். மனைவி பார்பரா (லின் போர்டன்), சிறுமி சூசி (ஜூலியா பெஞ்சமின்).

எடுபடாததற்குக் காரணம் நடிகர்கள் இல்லை. மூன்று இடத்தில் கணக்கு இடிக்கிறது.

ஸ்டீவ் இளைஞர். 60 வயதைத் தாண்டிய ஹேசல் அவரை மடக்கினால் அம்மா மகனை அதட்டுவதுபோல இருக்கிறது. ஜார்ஜோடு நடந்தது முதிர்ந்த இருவரின் மோதல்.

ஸ்டீவின் தொழிலில் வாதம் இல்லை, பேரம் இருக்கிறது. பேரம் பேசுகிறவர் சட்டென்று இறங்கிவந்துவிடுவார். ஜார்ஜ் ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குவார், அதனால் விழும்போது சத்தம் கேட்கும்.

மூன்றாவதுதான் பெரியது. டாரதி இல்லை. முதல் நான்கு சீசனில் டாரதி இருவருக்கும் நடுவில் நின்றார். அவர் வேலைக்குப் போகிறவர் என்பதால் வீட்டில் ஹேசல் ஏன் தேவை என்ற கேள்வியே எழவில்லை. ஹேசல் சொல்வது சரி என்று அவருக்குத் தெரியும், கணவர் மனம் நோகக் கூடாது என்பதும் தெரியும். அந்த இழுபறியை விட்னி பிளேக் அடக்கமாகச் செய்தார். (இதே விட்னி பிளேக்தான் பின்னால் 1975-ல் தொடங்கிய 'ஒன் டே அட் எ டைம்' தொடரைக் கணவரோடு சேர்ந்து உருவாக்கியவர்.) பார்பரா புதிதாக வந்தவர். ஹேசலிடம் கற்றுக்கொள்கிற இடத்தில் நிற்கிறார். கற்றுக்கொள்கிறவர் நடுவராக முடியாது.

பெட்டிக்கடை

வீடு மாறினால் தொடர் கெடும் என்ற விதி இல்லை. ஹேசலுக்கு இந்த வீட்டில் பழைய வரவு செலவு எதுவும் இல்லாமல் போனதுதான் இடித்தது. ஜார்ஜின் வீட்டில் எந்தச் சண்டைக்கும் பின்னால் பல ஆண்டுப் பாக்கி இருந்தது. ஸ்டீவ் வீட்டில் முதல் எபிசோடிலேயே பழைய உரிமையோடு பேசுகிறார், நமக்கு அது ஒட்டவில்லை. புதுவீட்டில் ஹேசல் தன் இடத்தைப் பிடிக்கப் போராடுவதையே ஆறேழு எபிசோடுக்கு ஓட்டியிருக்கலாம். நல்ல வாய்ப்பு, விட்டுவிட்டார்கள்.

மேடைவாசல்

சரி, பார்க்கும் வரிசை ஒன்று சொல்லுங்கள். எந்தப் பிரதி நல்லது என்பதும் தெரிய வேண்டும்.

அத்தியாயம்154

முதல் சீசனின் முதல் பத்து எபிசோட்களை வரிசையாகப் பாருங்கள். பாத்திரங்கள் யார் யார் என்று அதற்குள் பதிந்துவிடும். ஆறாவதைத் தனியாகக் கவனியுங்கள். முதல் சீசன் முழுக்கக் கறுப்பு வெள்ளை, இது ஒன்று மட்டும் கலரில் எடுத்தது. கதையே ஹேசல் கலர் டிவி வாங்க ஆசைப்படுவது. என்.பி.சி.யின் தாய் நிறுவனமான ஆர்.சி.ஏ.தான் அப்போது கலர் டிவி விற்பதில் முன்னணி. விற்க வேண்டிய பொருளைக் கதையின் முடிச்சாகவே மாற்றி, அதை ஹேசலின் தன்மானத்தோடு பிணைத்திருக்கிறார்கள். ஸ்பான்சருக்காக எழுத வேண்டிய கட்டாயம் வந்தால் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பிறகு இரண்டாவது, மூன்றாவது சீசனில் கிரிஃபினும் டீர்ட்ரியும் வருகிறவற்றைத் தேர்ந்தெடுங்கள். நான்காவதில் நான்கைந்து போதும். ஐந்தாவதில் முதல் மூன்றைப் பார்த்தால் மேலே பேசியதெல்லாம் கண்ணில் படும்.

நெகட்டிவ்35

பிரதி பற்றி நான் சொல்கிறேன். இணையத்தில் சுற்றுகிறவற்றில் பல, பழைய மறு ஒளிபரப்புக்காகப் போட்ட 16 மி.மீ. பிலிம் பிரதிகளிலிருந்து எடுத்தவை. படம் முழுக்க இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதுதான் காரணம். அந்தக் காலக் கலர் பிலிமில் மூன்று சாயங்கள் உண்டு. நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டைவிட வேகமாக வெளுக்கும், மிஞ்சுவது சிவப்பு. டிவியில் நிறத்தை ஏற்றி இறக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். போன சாயம் திரும்பாது, தோல் நிறம் பச்சையடிக்கும்.

டிவிடி தொகுப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். முதல் சீசனை 2006-ல் சோனி வெளியிட்டது. மற்ற சீசன்களை 2012-லிருந்து ஷவுட் ஃபேக்டரி கொண்டுவந்தது.

நீளத்தையும் சரிபாருங்கள். அன்றைய அரை மணி நேரத் தொடரில் கதை மட்டும் 25 நிமிடத்தை ஒட்டி வரும். கையில் இருப்பது 22 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் பின்னாளில் கூடுதல் விளம்பரத்துக்காக வெட்டியது. வெட்டுகிறவர்கள் முதலில் கைவைப்பது முன்பாதிச் சின்னச் சின்னக் காட்சிகளிலும் கடைசிக் காட்சியிலும்தான். தபால்காரரிடம் செய்தி வாங்குகிற இடம் போய்விட்டால், பின்பாதியில் ஹேசலுக்கு அது எப்படித் தெரிந்தது என்று புரியாது. எழுத்தாளர் ஓட்டை விட்டதாகத் தோன்றும். கட்டமைப்பைப் படிக்கிறவர்களுக்கு வெட்டிய பிரதி உதவாது.

கடைசியாக, திரை அளவை 4:3-லேயே வையுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். அகலத்துக்கு இழுத்தால் ஆட்கள் குட்டையாவார்கள். பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும். பூத்தின் கைவேலை பெரும்பாலும் படத்தின் அடிப்பகுதியில், மேசை மட்டத்தில்தான் நடக்கிறது. வால்வுரேடியோ சொன்ன அந்தத் தட்டும் ஏப்ரன் முடிச்சும் அதோடு போய்விடும்.